சொலுசன் டப்பாவின் மூடி

போன மாதம் ஐந்து இளைஞர்கள் என் வீட்டு வாசலில் ஐந்து பெரிய மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தாய்லாந்து எல்லை வரைக்கும் போய் வரப் போகிறார்களாம். அதில் ஒருவன் என் தங்கை மகன். "மாமா, நீங்க இருவது வருசம் மோட்டார்லயே சுத்துனவரு. வழியில ரிப்பேர் ஆனா என்னென்ன சாமான் வேணும்னு ஒரு லிஸ்ட்டு போட்டுக் குடுங்க லா" என்றான். அவன் கூட்டாளி ஒருவன், "போன் பண்ணா லோரி வந்து தூக்கிட்டுப் போயிரும் அங்கிள். இருந்தாலும் சும்மா தெரிஞ்சி வச்சிக்கலாம்" என்றான். அந்தச் 'சும்மா' எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இருந்தாலும் பதினான்கு சாமான்களை எழுதிக் கொடுத்தேன். அடியில் 'கிளம்பும் முன் எல்லா மூடியையும் திறந்து பார்க்கவும்' என்று ஒரு வரி சேர்த்தேன். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், ஈப்போவில் மருந்து விநியோகம் செய்யும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது ரப்பர் தோட்டங்களில் சின்னச் சின்ன மருந்தகங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவரை டிரஸ்ஸர் என்போம். டாக்டர் இல்லாத தோட்டத்தில் அவர்தான் டாக்டர். அவர்களுக்கு மாத்திரை, மருந்து, பஞ்சு, ஊசி எல்லாம் மோட்டாரில் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வேலை. ஆறு பேர், ஆறு ரூட்டு. கோப்பேங், கம்பார், தாப்பா வழியாகப் பீடோர் வரைக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் தோட்டங்களுக்கும் நான். ஆறு மாதம் இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து போய் வழியைக் கற்றுக்கொண்டேன். அந்த ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்ல முதுகுவலியைத் தவிர ஒன்றும் இல்லை.

எங்களுக்கு மேலாள் வைரவன் அண்ணன். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. சின்ன வயதில் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி ஈப்போவில் ஒரு வட்டிக்கடைக்கு எடுபிடி வேலைக்கு வந்தவர். தாய் தகப்பன் இல்லை. வளர்த்து அனுப்பி வைத்தது அக்காதான். வட்டிக்கடை மூடிய பிறகு எங்கள் கடைக்கு வந்தார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தால் எங்களில் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

காலை ஏழே காலுக்குக் கடையின் பின்புறம் ஆறு சாக்குகளை விரிப்போம். ஒவ்வொருவனும் தன் சாமான் பையை அவிழ்த்துச் சாக்கில் பரப்ப வேண்டும். வைரவன் அண்ணன் ஒவ்வொரு சாக்கின் முன்னாலும் நின்று பெயர் சொல்லுவார். நாங்கள் அந்தச் சாமானைத் தூக்கிக் காட்ட வேண்டும். பிளக் ஸ்பேனர். புது பிளக். பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு ஸ்பேனர்கள். பிளையர். இரண்டு தலை ஸ்குரு டிரைவர். டயர் நெம்பும் இரும்பு இரண்டு. சங்கிலிக்கு ஒரு மாற்று இணைப்பு, தீப்பெட்டிக்குள். ஒரு முழக் கட்டுக்கம்பி. உப்புத்தாள். பழைய டியூபில் வெட்டிய ஒட்டுத் துண்டுகள். டியூப் ஒட்டுகிற பசை ஒரு சின்னத் தகர டப்பா. அதைச் 'சொலுசன்' என்போம். கைப்பம்பு மோட்டாரிலேயே கட்டியிருக்கும். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு மோட்டார் சாவி கிடைக்காது.

ஆரம்பத்தில் எனக்கு இது பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற மாதிரி எரிச்சலாக இருந்தது. தாப்பா தாண்டி ஒரு மேட்டில் கிளட்ச் கேபிள் அறுந்த அன்றைக்குத்தான் புத்தி வந்தது. வைரவன் அண்ணன் ஒவ்வொரு மோட்டாரிலும் ஓடுகிற கேபிளை ஒட்டியே ஒரு மாற்றுக் கேபிளையும் இழுத்து, மூன்று இடத்தில் கட்டி வைத்திருப்பார். அறுந்தால் பெட்ரோல் டாங்கியைக் கழற்ற வேண்டாம், விளக்கைக் கழற்ற வேண்டாம். பழையதன் இரண்டு முனையையும் விடுவித்துப் புதியதன் இரண்டு முனையையும் மாட்டினால் போதும். மழையில் நின்றுகொண்டே மாட்டினேன். அங்கே நின்றபடி அவரை மனதுக்குள் கும்பிட்டேன் என்று சொன்னால் மிகையில்லை.

அவரிடம் இரண்டு சட்டம் உண்டு. கடைச் சாமான் கடை வேலைக்கு மட்டும்தான். மோட்டாரை ரோட்டில் விட்டுவிட்டு ஆள் மட்டும் வரக் கூடாது. முதல் சட்டத்தை நான் மீறினேன். இரண்டாவது சட்டத்தை அவர் மீறவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

அவரிடம் இருந்தது சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தும் குடியுரிமை இல்லை. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நீல அட்டை, வீட்டில் அவர் ஒருவருக்கு மட்டும் சிவப்பு. ஊருக்குப் போய் அக்காவைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. ஆனால் சிவப்பு அட்டையோடு போனால் திரும்பி வருகையில் விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயம். அக்காவிடமிருந்து நீலநிற வான்கடிதம் வரும்போதெல்லாம் படித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஐசி மாறட்டும். பொறவு போலாம்" என்பார். எங்களிடம் சொல்லுகிறாரா, அக்காவிடம் சொல்லுகிறாரா என்று தெரியாது.

பல வருஷ மனுக்களுக்குப் பிறகு ஒருவழியாக நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. மலாயில் பேசிக் காட்ட வேண்டும். அவருக்கு மலாய் கடைத்தெரு மலாய்தான். அதனால் பழகுவதற்காகக் காலைச் சோதனையை மலாயில் நடத்த ஆரம்பித்தார். "பிளையர், அடா?" என்பார். இருக்கிறதா என்று அர்த்தம். "அடா" என்று சொல்லித் தூக்கிக் காட்டுவோம். ஆறு தமிழர்கள் சாக்கின் முன்னால் குந்திக்கொண்டு அடா, அடா என்று கத்துவதைப் பார்த்துப் பக்கத்துக் கடைச் சீனர் சிரிப்பார். வைரவன் அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டார். வாயை அசைத்து வாக்கியங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே அடுத்த சாக்குக்குப் போவார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் கூட்டாளிகள் மூன்று பேரும் லூமுட் கடற்கரைக்குப் போனோம். ஓட்டியது அவரவர் சொந்த மோட்டார், இரவல் மோட்டார். சாமான் பை மட்டும் கடையுடையது. முதல் நாளே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். போகிற வழியில் ஒருவனுக்கு இரண்டு பஞ்சர், வருகிற வழியில் இன்னொருவனுக்கு மூன்று. "மச்சான், நீ இல்லன்னா நாங்க நடந்துதான் வரணும்" என்று அவர்கள் புகழ்ந்த புகழ்ச்சியில் சொலுசனைத் தாராளமாகப் பூசினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் டப்பா காலி.

புது டப்பா கேட்டால் பழையது எப்படித் தீர்ந்தது என்று சொல்ல வேண்டும். சைக்கிள் கடையில் ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் கடை டப்பாவின் மூடியில் வைரவன் அண்ணன் பச்சைச் சாயத்தில் எண் போட்டிருப்பார். வேறு டப்பா வைத்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். உள்ளே இருப்பதை மட்டும் வாங்கி இதில் ஊற்றலாம் என்பது அந்த நேரம் தோன்றவில்லை. தோன்றியது வேறு.

நான் தோட்டத்துப் பிள்ளை. சின்ன வயதில் எங்கள் சைக்கிள் டியூப் ஓட்டையானால், மரத்துக் கோப்பையில் இருக்கும் ரப்பர் பாலைத் தொட்டு ஒட்டுவோம். பள்ளிக்கூடம் போய் வர அது தாங்கும். சொலுசனே ரப்பரில் செய்வதுதானே, கடைக்காரன் டப்பாவில் அடைத்து விற்கிறான், நாம் மரத்திலிருந்து எடுக்கிறோம் என்பது எங்கள் லயத்து வீட்டுப் பிள்ளைகளின் பெருமை. அந்தப் பெருமை இருபத்து மூன்று வயதிலும் எனக்குப் போகவில்லை. திங்கட்கிழமை காலை காலி டப்பாவையே தூக்கிக் காட்டித் தப்பினேன். அன்றைக்குப் பீடோருக்குப் பின்னால் ஒரு தோட்டத்தில் மருந்தை இறக்கிவிட்டு, ரப்பர் பால் சேர்க்கிற கொட்டாய்க்குப் போனேன். அங்கே பால் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். சேர்த்த பாலில் கொஞ்சம் வாங்கி டப்பாவை நிரப்பி மூடினேன். மறுநாள் காலை, "சொலுசன், அடா?" என்றார். "அடா" என்று தூக்கிக் காட்டினேன். பச்சை எண்ணைப் பார்த்தார், நகர்ந்தார்.

பதினைந்து நாள் அப்படியே ஓடியது. டயர் புதுசு, பஞ்சர் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை, ஒவ்வொரு காலையிலும் பச்சை எண் தெரியும்படி அந்த டப்பாவைத் திருப்பித் தூக்குவேன், சாக்கைச் சுருட்டியதும் பையின் அடியில் தள்ளிவிடுவேன்.

அந்த நேரத்தில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடானது. பெண் வீடு தஞ்சோங் ரம்புத்தானில். பெண்ணின் அப்பாவுக்கு அங்கே பெரிய மனநல மருத்துவமனையில் வேலை. மற்ற ரூட்டுக்காரர்கள், "மணியம், பாத்து லா. அங்க உள்ள போனவன லேசுல வெளிய விட மாட்டானுங்க" என்று கிண்டல் பண்ணினார்கள். புதன்கிழமை ஒருநாள் லீவு கேட்டேன். வைரவன் அண்ணன் நாட்காட்டியைப் பார்த்தார்.

"அன்னிக்குத்தான் எனக்கு இன்டர்வியூ. ரெண்டு மணிக்கு" என்றார்.

"அப்ப வேணாம்ண்ணே. வேற நாள் பாத்துக்குறேன்."

"நல்ல நாள் பாத்துச் சொல்லியிருப்பாங்க, மாத்தக் கூடாது. பீடோர்ல பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்குன்னு டிரஸ்ஸர் மருந்து கேட்டிருக்காரு. காலையில ஒன் ரூட்ட நானே பாத்துட்டுப் பன்னெண்டுக்கெல்லாம் வந்துருவேன். சாவியக் குடுத்துட்டுப் போ."

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். சொன்னால் லூமுட் போனது தெரியும், லீவு போகும், பெண் வீட்டில் பெயர் கெடும். டயர் புதுசுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாவியைக் கொடுத்தேன். வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் அதுதான் பெரிது. டப்பாவில் பாலை ஊற்றியது அதற்கு அடுத்ததுதான்.

பிறகு நடந்ததை அவர் வாயாலும், தாப்பாவில் ஒர்க்ஷாப் வைத்திருந்தவர் வாயாலும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மருந்தைப் பத்து மணிக்கே கொடுத்துவிட்டார். திரும்பும்போது தோட்டத்துச் செம்மண் ரோட்டில் பின் டயரில் ஆணி. பஞ்சர் ஒட்டுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு, அவசரப்பட மாட்டார். சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, வாய்க்கால் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்து, பென்சிலால் வட்டம் போட்டு, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிறகுதான் டப்பாவைத் திறப்பார். திறந்ததும் அம்மோனியா வாடை மூக்கில் ஏறியிருக்கும். பெட்ரோல் வாடை அடிக்க வேண்டிய டப்பா அது. வெள்ளையாகப் பால்.

வேறு வழியில்லாமல் அதையே பூசினார். பால் நிறம் மாறிக் காயும் வரை காத்திருந்து ஒட்டுப் போட்டார். பெரிய ரோடு வரைக்கும் தாங்கியது. வெயிலிலும் ஓட்டத்திலும் டியூப் சூடேறியதும் ஒட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சைக்கிளுக்குத் தாங்குவது மோட்டாருக்குத் தாங்காது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை ஒட்டலாம் என்று டப்பாவைத் திறந்தால், மீதிப் பால் உறைந்து கட்டியாகிக் கிடந்தது. தாப்பாவுக்கு இன்னும் மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரம். மோட்டாரைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஈப்போ பஸ் ஒன்று அவரைத் தாண்டிப் போனது. கையைக் காட்டியிருந்தால் நிறுத்தியிருப்பான்.

நான் தஞ்சோங் ரம்புத்தானில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் என்னைப் பிடித்துவிட்டது என்று அவள் அம்மா வந்து சொன்னார்கள். மாலை ஐந்தரைக்குச் சந்தோஷத்தில் வாழைப்பழச் சீப்போடு கடைக்கு வந்தேன். வைரவன் அண்ணன் கடை முன் அஞ்சடி நடைபாதையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நேர்காணலுக்காகப் பெட்டியில் மடித்து எடுத்துப்போன வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். ஒரு கையின் மடிப்பில் செம்மண். தாப்பா ஒர்க்ஷாப்பில் டியூபை மாற்றிக்கொண்டு நேர்காணல் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி நாலரை, கூப்பிட்ட நேரம் தாண்டிவிட்டது, மறுபடி மனுப் போடச் சொல்லிவிட்டார்கள். இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

"பொண்ணு புடிச்சிருக்கா?" என்றார்.

"புடிச்சிருக்குண்ணே. இன்டர்வியூ எப்படி?"

அவர் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து முக்காலி ஓரத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"இது எந்தத் தோட்டத்துப் பாலு?"

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். லூமுட், ஞாயிற்றுக்கிழமை, பச்சை எண் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது. கடைத்தெரு நடுவில், கையில் வாழைப்பழத்தோடு அழுதேன்.

"ஏண்ணே, மோட்டார அங்கயே போட்டுட்டு பஸ்ஸுல வந்துருக்கலாமே" என்றேன்.

"ஒங்க ஆறு பேருக்கும் சொன்ன சட்டத்த நான் மீறிட்டு வந்து, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சாக்கு முன்னால நிக்கிறது?" என்றார். டப்பாவின் மூடியைத் திருப்பிப் பார்த்தபடி, "எம்மேலயும் தப்பு இருக்கு. இத்தன வருசமா மூடியத் தொறக்காமயே செக் பண்ணிருக்கேன். பழத்த உள்ள வச்சிட்டு வீட்டுக்குப் போ. காலையில ஏழே காலு" என்றார்.

முதலாளியிடம் சொல்லுவார், வேலை போகும் என்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலைச் சோதனையில் ஒரு சொல் மட்டும் கூடியிருந்தது. "சொலுசன், அடா?" "அடா." "பூக்கா." திற என்று அர்த்தம். ஆறு பேரும் திறந்து காட்டினோம். அவர் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். தீப்பெட்டியையும் திறக்கச் சொன்னார், பிளக் டப்பாவையும் திறக்கச் சொன்னார். மற்ற ஐந்து பேரும் இன்டர்வியூ கைவிட்டுப் போன கடுப்பு என்று முணுமுணுத்தார்கள். அவர்களிடம் ஒப்புக்கொள்ளும் தைரியம் எனக்கு அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

என் கல்யாணத்துக்கு அதே வெள்ளைச் சட்டையில் வந்தார். கை மடிப்பில் செம்மண் கறை முழுதாகப் போகவில்லை. என் மனைவி காலில் விழுந்தபோது மனதார ஆசீர்வாதம் செய்தார். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த அழைப்பு வர ஆறு வருஷம் ஆனது. அதற்குள் அவர் ஜெலாப்பாங்குக்கு வீடு மாறிவிட்டார். அங்கிருந்து அந்த அலுவலகத்துக்கு மோட்டாரில் கால் மணி நேரம்கூட ஆகாது. நான்தான் கூட்டிப் போவேன் என்று அடம்பிடித்தேன். மாற்று டியூப் இரண்டு, சொலுசன் மூன்று டப்பா, போதாததற்கு இன்னொரு ரூட்டுக்காரனையும் பின்னாலேயே மோட்டாரில் வரச் சொன்னேன். "ஏம்ப்பா, மந்திரி போறாரா?" என்றார் வைரவன் அண்ணன். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம். அவர் வெளியே வந்ததும், மலாயில் என்ன கேட்டார்கள் என்றேன். "என்ன வேலை செய்றேன்னு கேட்டாங்க. நம்ம சாமான் பையில உள்ளதெல்லாம் ஒண்ணு விடாமச் சொன்னேன். போதும் போதும்னுட்டாங்க" என்றார்.

நீல அட்டை கைக்கு வந்ததும் ஒரு மாத லீவில் ஊருக்குக் கிளம்பினார். அக்காவுக்கு இரண்டு புடவை, ஒரு போர்வை, மூட்டு வலித் தைலம். தைலத்தை எங்கள் கடை அலமாரியிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அக்காவுக்கு அவரை அடையாளம் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாமப் போவுமா? காது மடல்ல வெட்டுத் தழும்பு இருக்கு. அவ தொட்டுப் பாத்தே கண்டுபுடிச்சிருவா" என்றார்.

ஒரு மாதம் கழித்து, திங்கட்கிழமை காலை ஏழே காலுக்குச் சாக்குகளை விரித்துவிட்டுக் காத்திருந்தோம். சரியாக வந்தார். கொஞ்சம் கறுத்திருந்தார். எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். என் சாக்கின் முன்னால் வந்ததும் குந்தி உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் அப்படி உட்கார்ந்ததில்லை.

"அக்கா எப்படிண்ணே இருக்காங்க?" என்றேன்.

"படமா இருக்கா" என்றார். "அஞ்சு மாசம் ஆச்சாம். நான் எப்படியும் கெளம்பி வந்துருவேன்னு எழுதிட்டேன்ல, அதுனால யாரும் சொல்லல. நேர்ல வந்து தெரிஞ்சிக்கட்டும்னு விட்டுட்டாங்க."

ஆறு வருஷத்தில் ஐந்து மாதம் போனால் மீதி எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அந்தப் புதன்கிழமை டப்பாவில் சொலுசன் இருந்திருந்தால் அவர் அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து என் சாக்கில் வைத்தார். புதுசு, நம் ஊரில் கிடைக்காத படம் போட்டது. "தேவகோட்டையில ஒரு சைக்கிள் கடை வாசல்ல ரொம்ப நேரம் நின்னேன். எங்க போறதுன்னு தெரியல. சும்மா நிக்கிறோமேன்னு இத வாங்குனேன். ஒனக்குத்தான்" என்றார்.

பிறகு எழுந்து நின்றார். பேனாவைச் சரி செய்துகொண்டார்.

"சொலுசன், அடா?"

"அடா" என்றேன்.

"பூக்கா."

மூடியைத் திருகித் திறந்து நீட்டினேன். அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் வாடை எனக்கும் அடித்தது. தலையை ஆட்டிவிட்டு அடுத்த சாக்குக்குப் போனார்.